‘தவுக்கே’ சோ சின் ஆன்

மலேசியக் காற்பந்தில் ‘தவுக்கே’ என்றால் சோ சின் ஆன்தான். 1950 ஜூலை 28ஆம் நாள் மலாக்கா, அலோர் காஜாவில் பிறந்த இவர், 1969 முதல் 1984 வரை தேசிய அணியின் தற்காப்பு அரணாக விளங்கினார். முதலில் மலாக்காவுக்கு ஆடினார். பிறகு சிலாங்கூர் அணியில் சேர்ந்து மலேசியக் கிண்ணத்தைப் பலமுறை வென்றார்.

கடைசி ஆளாகப் பின்னால் நின்று, பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே கணித்து எடுத்துவிடுவது அவர் பாணி. பக்கத்தில் சந்தோக் சிங், பின்னால் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். இந்த மூவரையும் தாண்டி கோல் போடுவது ஆசியாவின் பெரிய அணிகளுக்கே சிரமம்தான்.

1972 மூனிக் ஒலிம்பிக் அணியிலும், 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணியிலும் அவர் இடம்பெற்றார்.

ஆனால், மூத்த ரசிகர்கள் இன்றும் பேசுவது 1980ஆம் ஆண்டைப் பற்றித்தான். மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வீழ்த்தி, அவர் தலைமையிலான அணி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. வெற்றி கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். ஆனால் அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அப்போது அவருக்கு வயது 29. அதன் பிறகு மலேசியக் காற்பந்து அணி எந்த ஒலிம்பிக்குக்கும் தகுதி பெறவில்லை.

2016இல் வெளிவந்த ‘ஓலா போலா’ திரைப்படம் அந்த அணியின் கதையைத் தழுவியதே. அதைப் பார்க்க ஆறுமுகம் இல்லை. 1988இல் சாலை விபத்தில் மறைந்துவிட்டார்.

சோ சின் ஆன் கணக்கில் உள்ள அனைத்துலக ஆட்டங்கள் 195. வேறெந்த மலேசிய ஆட்டக்காரரும் இந்த எண்ணிக்கையை எட்டியதில்லை.