இல்லாத தண்ணீருக்குப் பங்கு போட்ட கதை

தண்ணீர்ச் சண்டை என்றாலே நமக்கு காவிரிதான் ஞாபகம் வரும். இந்தத் தடவை கொஞ்சம் தூரமாகப் போகலாம். அமெரிக்காவின் மேற்குப் பக்கம் ஓடும் கொலராடோ நதி. ஏழு மாநிலங்கள் பங்கு கேட்கின்றன, கடைசியில் மெக்சிகோ. (பி.காம். படிக்கிறவனுக்கு நதியில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இது முழுக்க முழுக்கக் கணக்கு வழக்கு சமாச்சாரம்தான்.)

அங்கே தண்ணீரை ஏக்கர்-அடியில் அளக்கிறார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு ஏக்கர்-அடி. நமக்குப் பழக்கமில்லாத அளவு என்பதால் எல்லாவற்றையும் டி.எம்.சி.க்கு மாற்றிவிட்டேன். பத்து லட்சம் ஏக்கர்-அடி என்பது 43.56 டி.எம்.சி.

முதலில் அந்த ஊர்ச் சட்டம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் யார் முதலில் தண்ணீரை எடுத்துப் பயன்படுத்தினார்களோ அவர்களுக்கே முதல் உரிமை. ஆறு வற்றினால் கடைசியாக வந்தவருக்கு முதலில் அடைப்பார்கள். கம்பெனிக் கணக்கில் பிரிஃபரன்ஸ் ஷேர்காரருக்குக் கொடுத்த பிறகுதான் ஈக்விட்டி ஷேர்காரருக்கு என்று படிக்கிறோமே, கிட்டத்தட்ட அதே கதை. ஒரு மாநிலத்துக்குள் இருக்கும்வரை இதில் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் 1922 ஜூன் மாதம் வயோமிங் - கொலராடோ வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த விதியைப் பின்பற்றும் மாநிலங்களுக்கு நடுவிலும் இதுதான் விதி என்று சொல்லிவிட்டது. மலைமேல் இருக்கும் மாநிலங்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. ஏனென்றால் கலிஃபோர்னியா படுவேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. இம்பீரியல் பள்ளத்தாக்கில் 1901-லேயே கால்வாய் வெட்டி விவசாயம் ஆரம்பித்தாயிற்று. பனி உருகுவது நம் மலையில், உரிமை மட்டும் அவனுக்கா?

அந்த வழக்கில் கொலராடோ மாநிலத்துக்காக வாதாடியவர் டெல்ஃப் கார்ப்பென்டர் என்ற வக்கீல். கோர்ட்டை நம்பி இருந்தால் வேலைக்கு ஆகாது, இரண்டு நாடுகள் உடன்படிக்கை போடுவது மாதிரி மாநிலங்களே உட்கார்ந்து பேசி முடிக்கலாம் என்பது அவர் யோசனை. கலிஃபோர்னியாவும் பேச வந்தது. காரணம் பெருந்தன்மை இல்லை. 1905-ல் ஆறு கரையை உடைத்துக்கொண்டு இரண்டு வருஷம் இம்பீரியல் பள்ளத்தாக்குக்குள் பாய்ந்து, சால்டன் கடல் என்று ஒரு ஏரியையே உண்டாக்கிவிட்டது. அணை கட்டாமல் தப்பிக்க முடியாது. அணைக்கு மத்திய அரசின் பணம் வேண்டும். பணத்துக்கு மற்ற மாநிலங்களின் ஓட்டு வேண்டும்.

1922 ஜனவரியில் பேச்சு ஆரம்பித்தது. தலைமை ஹெர்பர்ட் ஹூவர், அப்போது வர்த்தகத் துறை அமைச்சர். (பார்த்தீர்களா, காமர்ஸ்காரர்தான்!) ஏழு மாநிலமும் கேட்டதைக் கூட்டிப் பார்த்தால் நதியே போதவில்லை. நவம்பரில் நியூ மெக்சிகோவில் சான்டா ஃபே பக்கத்தில் ஒரு விடுதியில் மறுபடி கூடினார்கள். ஏழாகப் பிரிப்பதை விட்டுவிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். லீ ஃபெர்ரி என்ற இடத்துக்கு மேலே மேல்படுகை, கீழே கீழ்ப்படுகை. ஆளுக்கு வருஷத்துக்கு 326.7 டி.எம்.சி. கீழ்ப்படுகைக்கு உத்தரவாதம் வேண்டுமே? இரண்டு தரப்பும் சொன்ன எண்களுக்கு நடுவில் ஹூவர் ஒரு எண்ணை வைத்தார்: எந்தப் பத்து வருஷத்தை எடுத்தாலும் லீ ஃபெர்ரியில் ஓட்டம் 3,267 டி.எம்.சி.க்குக் கீழே இறங்க மேல்படுகை காரணமாக இருக்கக் கூடாது. நவம்பர் 24-ஆம் தேதி கையெழுத்து ஆனது. பின்னால் 1944 ஒப்பந்தத்தில் மெக்சிகோவுக்கு 65 டி.எம்.சி. ஆக மொத்தம் சுமார் 719. காவிரிக்கு 2007 தீர்ப்பில் நடுவர் மன்றம் எடுத்துக்கொண்ட மொத்த நீர் 740 டி.எம்.சி. அளவில் அண்ணன் தம்பி மாதிரிதான்!

இப்போதுதான் கணக்கு. அன்று மேஜைமேல் இருந்த அளவீடுகள் ஆற்றில் 700 டி.எம்.சி.க்கு மேல் வருகிறது என்றன. ஆனால் அவை இருபது வருஷத்துக்கான அளவீடுகள், அதுவும் நல்ல மழைக்காலம். நல்ல சீசனின் லாபத்தை மட்டும் பார்த்து ஆயுள் முழுக்க நிலையான டிவிடெண்ட் தருவதாக எழுதிக்கொடுத்த மாதிரி. லாரூ என்ற அரசு நீரியல் நிபுணர் நதியில் அவ்வளவு இல்லை என்று எச்சரித்தவர். அவர் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பழைய மரங்களின் வளையங்களை வைத்து 1976-ல் ஸ்டாக்டன், ஜேக்கபி என்ற இருவர் பல நூறு வருஷத்து ஓட்டத்தைக் கணித்தபோது சராசரி 590 டி.எம்.சி. அளவுக்குத்தான் வந்தது. 2000-க்குப் பிறகான சராசரி இன்னும் கீழே, சுமார் 540.

என் பார்வையில் அளவீடு தப்பானதைவிடப் பெரிய கோளாறு, நிலையான எண்ணை எழுதியதுதான். சதவீதமாக எழுதியிருந்தால் நதி இளைக்கும்போது எல்லார் பங்கும் சேர்ந்து இளைத்திருக்கும். இதை மேல்படுகைக்காரர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1948-ல் தங்களுக்குள் பிரித்தபோது கொலராடோவுக்கு 51.75 சதவீதம், யூட்டாவுக்கு 23, வயோமிங்குக்கு 14, நியூ மெக்சிகோவுக்கு 11.25 என்று எழுதிக்கொண்டார்கள். ஏன்? கீழே கொடுத்தது போக மிச்சம் எவ்வளவு வரும் என்று அவர்களுக்கே தெரியாது. மிச்சத்தில் பங்கு, அதாவது சுத்தமான ஈக்விட்டி!

கீழ்ப்படுகையில் அப்படி இல்லை. கலிஃபோர்னியா 192, அரிசோனா 122, நெவாடா 13 டி.எம்.சி. (192 என்ற எண் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பிலிகுண்டுலுவில் நமக்குத் தர வேண்டும் என்று 2007 தீர்ப்பு சொன்னதும் அதே எண்தான். தற்செயல்.) அரிசோனா 1944 வரை உடன்படிக்கையை ஏற்கவே இல்லை. 1934-ல் பார்க்கர் அணை கட்டவிடாமல் தடுக்க அதன் கவர்னர் மோயர் படகுகளில் சிப்பாய்களையே அனுப்பினார். கடைசியில் 1968-ல் தன் நகரங்களுக்குக் கால்வாய் வெட்ட அனுமதி கிடைத்தது, ஆனால் ஒரு நிபந்தனை: பஞ்சம் வந்தால் அந்தக் கால்வாய்க்குத்தான் முதலில் வெட்டு, கலிஃபோர்னியாவுக்குப் பிறகுதான். 2021 ஆகஸ்டில் முதன்முதலாகப் பற்றாக்குறை அறிவித்தபோது அதுதான் நடந்தது. அரிசோனாவின் பினால் பகுதி விவசாயிகளுக்குப் பெரிய அடி.

1922-ல் அந்த மேஜையில் இல்லவே இல்லாதவர்கள் பூர்வகுடிகள். அவர்களுக்குத் தண்ணீர் உரிமை உண்டு என்று 1908-லேயே உச்ச நீதிமன்றம் விண்டர்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. இருந்தும் உடன்படிக்கையில் அவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம், அதுவும் இது அவர்களுக்கான அரசின் கடமையைப் பாதிக்காது என்பதோடு சரி. இன்று அந்தப் படுகையில் 30 பழங்குடி இனங்கள். நவஹோ மக்கள் தங்களுக்குத் தண்ணீர் பெற்றுத்தர அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று போட்ட வழக்கில் 2023-ல் 5-4 என்ற கணக்கில் தோற்றார்கள்.

2022 கோடையில் ஹூவர் அணையின் நீர்த்தேக்கத்தில் கொள்ளளவில் கால்வாசிக்குச் சற்று மேல்தான் மிச்சம். அதற்குப் பிறகுதான் கீழ்ப்படுகையின் மூன்று மாநிலங்களும் இறங்கி வந்தன. 2023 மே மாத ஏற்பாட்டின்படி 2026 முடிவதற்குள் சுமார் 130 டி.எம்.சி.யை எடுக்காமல் விட வேண்டும். அதில் 100 டி.எம்.சி.க்கு மத்திய அரசு பணம் தருகிறது.

2007-ல் போட்ட பற்றாக்குறை விதிகளுக்கும் 2026-தான் கெடு. அடுத்த விதிகளுக்கான பேச்சில் அந்தப் பழைய வாக்கியம்தான் மறுபடி மேஜைக்கு வந்தது. ஓட்டம் குறைய நாங்கள் காரணமாக இருக்கக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறது, குறைத்தது வானம், நாங்கள் இல்லை என்கிறது மேல்படுகை. காரணம் எதுவானாலும் எங்களுக்கு 3,267 வந்தாக வேண்டும் என்கிறது கீழ்ப்படுகை.