பயறு எவ்வளவு வளர்ந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

கோப்பாயில் ஆசிரியப் பயிற்சியில் இருந்த நாட்களில், பயறு முளைப்பதைப் போனில் டைம்லாப்ஸாக எடுத்து வகுப்பில் காட்டினோம். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பிள்ளை மட்டும், "ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு வளருது சேர்?" என்று கேட்டது. எங்களிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கலையின் வரலாற்றைத் தேடினோம்.

1910இல் இங்கிலாந்தில் பேர்சி ஸ்மித் 'ஒரு மலரின் பிறப்பு' என்ற படத்தை வெளியிட்டார். அவர் கல்விச் சபையில் எழுதுவினைஞர். படம் காட்டிப் பாடம் நடத்தலாம் என்று அங்கே சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. குறித்த இடைவெளியில் ஒவ்வொரு படமாக எடுக்கும் பொறியை வீட்டிலேயே தானாகச் செய்தார். இரவில் அது பழுதானால் தன்னை எழுப்ப மணியும் பொருத்தியிருந்தார்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, கல்கத்தாவில் ஜெகதீஷ் சந்திர போஸ் கமரா இல்லாமலே செடியின் வளர்ச்சியைப் பதிந்தார். அவருடைய கிரெஸ்கோகிராஃப் கருவி வளர்ச்சியை 10,000 மடங்கு பெருக்கி, புகை படிந்த கண்ணாடியில் சம இடைவெளி நேரத்தில் புள்ளிகளாக இட்டது. புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்தால் வேகம் தெரியும்.

இருவர் கையிலும் நேரக் கணக்கு இருந்தது. எங்களிடம் இல்லாமல் போனது அதுதான்.

2014இல் ஐபோனில் டைம்லாப்ஸ் வந்தது. பட்டனை அழுத்தினால் போதும். பதிவு நீள நீள, வீடியோ சிறிதாக இருக்கவேண்டும் என்று இடைவெளியை அதுவே கூட்டிக்கொள்ளும். எத்தனை செக்கனுக்கு ஒரு படம் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. வெளிச்சத்தையும் தன்பாட்டில் மாற்றும்.

கமராவில் எல்லாவற்றையும் நாங்களே தீர்மானிக்க வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் ஒரு நாளில் 288 படங்கள். செக்கனுக்கு 24 படம் வீதம் ஓடவிட்டால் 12 செக்கன். ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் பதிவாகியிருக்கும்.

அப்படியானால் கமரா வாங்க வசதியில்லாத பள்ளிக்கூடம் என்ன செய்வது? அடுத்த முறை அதே போனைத்தான் வைத்தோம். ஆனால் பயறுக்குப் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தையும் ஒரு மணிக்கூட்டையும் வைத்தோம். சார்ஜரைக் கழற்றவில்லை, அறை விளக்கை அணைக்கவும் இல்லை.

வீடியோவை இடையிடையே நிறுத்தி, பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். அன்று கேட்ட பிள்ளைதான் கரும்பலகையில் விடையை எழுதியது.

உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். என்ன விடை வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள், இன்ஷா அல்லாஹ்.