விரல் நுனியில் அச்செழுத்து: ஆப்டகான் கருவியின் வரலாறு

பார்வையற்றோரின் வாசிப்பு என்றாலே நம் மாணவர்கள் கட்டுரையில் லூயி பிரெயிலின் பெயரை எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். அது தப்பில்லை. ஆனா, ஒரு நூலை யாராவது பிரெயிலுக்கு மாற்றித் தந்தால்தான் அதைத் தடவிப் படிக்க முடியும். வங்கியிலிருந்து வரும் கடிதம், கடை ரசீது, நண்பர் தட்டச்சு செய்து அனுப்பிய மடல் இதையெல்லாம் யார் மாற்றித் தருவார்? பக்கத்தில் இருப்பவரைத்தான் கூப்பிட வேண்டும். தனக்கு வந்த கடிதத்தைத் தனக்கு முன்னால் இன்னொருவர் படித்துவிடுவார். இந்த நிலையை மாற்ற வந்த கருவிதான் ஆப்டகான்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பேராசிரியராக இருந்தவர் ஜான் லின்வில். அவருடைய மகள் கேண்டி சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். மகளுக்கு வேண்டிய புத்தகங்களைத் தாயாரே மணிக்கணக்காக உட்கார்ந்து பிரெயிலில் தட்டித் தருவாராம். 1962-இல் ஜெர்மனி சென்றிருந்த லின்வில், அங்கே அதிவேக அச்சுப்பொறி ஒன்றைப் பார்த்தார். சின்னச் சின்ன முனைகள் சுத்தியல்போல் தாளில் அடித்து எழுத்தை உருவாக்கின. அந்த முனைகளின்மேல் விரலை வைத்தால் எழுத்து புரியுமா என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. அதைத் தன் மகளிடமே சோதித்துப் பார்த்தார். எனக்குத் தெரிந்து, தொழில்நுட்ப வரலாற்றில் இவ்வளவு தெளிவான தொடக்கம் உள்ள கருவிகள் குறைவு.

ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிஸ் அவரோடு சேர்ந்து உழைத்தார். 1969-இல் கையில் தூக்கிப் போகக்கூடிய கருவி தயாரானது. அதை விற்பதற்காகவே தொடங்கப்பட்ட டெலிசென்சரி நிறுவனம் 1971-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

கருவி எப்படி வேலை செய்கிறது? கேசட் ரெக்கார்டர் அளவில் ஒரு பெட்டி. அதோடு கம்பியில் இணைந்த சின்னஞ்சிறு கேமரா. வலக்கையால் கேமராவை வரியின்மேல் நகர்த்த வேண்டும். இடக்கையின் ஆள்காட்டி விரல் பெட்டிக்குள் இருக்கும் சிறு பள்ளத்தில் படிந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் 24 வரிசை, வரிசைக்கு 6 என மொத்தம் 144 மெல்லிய முனைகள். கேமரா கறுப்பைக் காணும் இடத்திற்குரிய முனைகள் மட்டும் அதிரும். 'ட' என்ற எழுத்தின் மேல் கேமரா போனால், ஒரு நெடுங்கோடும் அதன் அடியில் ஒரு கிடைக்கோடும் விரலுக்கடியில் ஊர்ந்து போகும். கருவி ஓடும்போது வண்டு ரீங்காரம்போல் ஒரு சத்தமும் கேட்கும்.

தமிழாசிரியர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பாரதி பிரெயிலில் 'க'வுக்கும் ஆங்கிலத்தின் 'கே'வுக்கும் ஒரே புள்ளிகள்தான்: 1, 3. அதாவது, பிரெயிலில் மட்டும் தமிழ் படித்தவருக்கு நாம் கரும்பலகையில் எழுதும் வரிவடிவம் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் போகலாம். ஆப்டகானோ வடிவத்தை அப்படியே தரும். அதற்கு எந்த மொழியும் தெரியாது. அதனால் எந்த மொழிக்கும் பயன்படும். இசைக்குறிப்பு, கணிதச் சமன்பாடு, வரைபடம் எல்லாவற்றையும் தடவிப் பார்க்கலாம். தாள் தலைகீழாக இருக்கிறதா, அச்சு மங்கிவிட்டதா என்பதும் தெரிந்துவிடும். தட்டச்சுப் பொறிக்கும் கணினித் திரைக்கும் தனித்தனி வில்லைகள் வந்தன. இவற்றின் துணையோடு பார்வையற்ற பலர் கணினி நிரலாளர்களாக வேலை பார்த்தார்கள். கேண்டியும் ஸ்டான்ஃபோர்டில் படித்து, பிறகு உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

சுலபமான கருவி என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதன் பிறகும் பலரால் நிமிடத்திற்கு 30, 40 சொற்கள்தான் படிக்க முடிந்தது. பிரெயிலில் தேர்ந்தவர் நூறைத் தாண்டிப் போவார். விலையும் பல ஆயிரம் டாலர். எல்லாராலும் வாங்க முடிந்ததா என்றால், இல்லை.

1976-இல் ரே குர்ஸ்வைல் அச்செழுத்தை உரக்கப் படிக்கும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். ஸ்கேனரும் கணினிக் குரலும் மலிவாக மலிவாக ஆப்டகான் விற்பனை குறைந்தது. 1996-இல் டெலிசென்சரி அதன் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2005-இல் நிறுவனமே மூடப்பட்டது.

பயன்படுத்தியவர்கள் மட்டும் விடவில்லை. "வேகமான கருவி வந்தாச்சு, பழசு எதுக்கு?" என்று கேட்பது நமக்குச் சுலபம். பேசும் இயந்திரம், தான் புரிந்துகொண்டதைத்தான் சொல்லும். படிவத்தில் எந்தக் கட்டத்தில் எந்த எண் இருக்கிறது, கையெழுத்துக்கான கோடு எங்கே, தலைப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பதையெல்லாம் அது விழுங்கிவிடும். சில நேரம் தப்பாகவும் படித்துவிடும். ஆப்டகானில் இது எந்த எழுத்து என்று தீர்மானிப்பது வாசகரின் விரல். மெதுவாக வந்தாலும் அது தன் சொந்த வாசிப்பு என்பதுதான் அவர்களுடைய பிடிவாதத்துக்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஆகவே அவர்கள் பழைய கருவிகளைத் தேடி வாங்கினார்கள். ஒன்று படிக்க, இன்னொன்று உதிரிபாகத்துக்கு. முனைகள் அதிராமல் போனாலோ கேமராவின் கம்பி அறுந்தாலோ, பழுது பார்க்கத் தெரிந்த ஒரு சிலரை விசாரித்துக் கண்டுபிடித்து, கருவியைப் பத்திரமாகப் பொதிந்து தபாலில் அனுப்பினார்கள். அது சரியாகித் திரும்பி வரும்வரை, வீட்டுக்கு வரும் கடிதங்களை மறுபடி யாரிடமாவது நீட்டத்தான் வேண்டியிருந்தது.