சிறார் இதழ்களும் வாழ்நாள் வாசிப்புச் சுவையும்: அம்புலிமாமா, முத்து காமிக்ஸ் வழி ஒரு நோக்கு

முன்னுரை

இளமையில் படித்தவை ஒருவரின் சுவையை வாழ்நாள் முழுவதும் ஆள்கின்றன என்பது பலரும் உடன்படும் கூற்று. அது எவ்வாறு நிகழ்கிறது, அதற்குரிய சான்றுகள் எங்குள்ளன என்னும் வினாக்கள் வரலாற்று ஆய்வுக்கு உரியவை. 1947இல் தோன்றிய அம்புலிமாமாவையும் 1972இல் தோன்றிய முத்து காமிக்சையும் முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாக்களை ஆராய்கிறது. கதைப்பொருளால் மட்டுமன்றி, கதையின் வடிவத்தாலும் சொல்லாலும் படித்த சூழலாலும் சுவை உருவாகிறது என்பது இதன் கருதுகோள்.

வினாவில் முடியும் கதை

நாகிரெட்டி, சக்கரபாணி ஆகியோரின் முயற்சியால் 1947 சூலையில் தெலுங்கிலும் தமிழிலும் சென்னையில் தொடங்கிய இவ்விதழ், பின்னர் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பரவியது. மொழிகள் வேறாயினும் ஓவியங்கள் பொதுவானவை. உருவிய வாளும் தோளில் சுமந்த உடலுமாக நடக்கும் விக்கிரமனை வரைந்தவர் ஓவியர் சங்கர் (கே. சி. சிவசங்கரன், 1924–2020). தமிழ்ச் சிறாரும் பிறமொழிச் சிறாரும் அவ்வேந்தனை ஒரே உருவில் கண்டனர்.

வேதாளக் கதையின் வடமொழி மூலத்தில் இருபத்தைந்து கதைகளே உள்ளன. அம்புலிமாமாவோ அவ்வெண்ணிக்கையைக் கடந்து, புதுக்கதைகளை அதே சட்டகத்தில் பல்லாண்டுகள் வழங்கியது. ஒவ்வொரு கதையும் நீதி பற்றிய ஒரு வினாவில் வந்து நிற்கும். விடை கூறி மன்னனின் மௌனம் கலைந்ததும் வேதாளம் மீண்டும் மரமேறும். வினாவுக்கும் விடைக்கும் இடைப்பட்ட அச்சிறு பொழுதில், படிக்கும் சிறுவரும் தாமே தீர்ப்புக் கூறிப் பார்க்க இடமுண்டு. நீதியைக் கேட்டுக்கொள்வதினும் அதனை ஆராய்வதில் இன்பம் காணும் மனப்பழக்கத்திற்கு இவ்வடிவம் துணைநின்றது எனலாம்.

பெயர்மாற்றத்தில் பிறந்த நாயகன்

சிவகாசியைச் சேர்ந்த எம். சௌந்திரபாண்டியன் 1972இல் தொடங்கிய முத்து காமிக்சின் முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. ‘வேலியண்ட்’ என்னும் பிரித்தானிய வார இதழில் 1962 முதல் வந்த சித்திரத்தொடரே இதன் மூலம். அதன் தொடக்கக்கால ஓவியர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. நாயகன் மின்னதிர்ச்சி பெற்றவுடன் அவன் உடல் மறையும், உலோகக் கை மட்டும் புலப்படும்.

மூலத்தின் தலைப்பு அந்த எஃகுக் கையை மட்டுமே சுட்டுவது. தமிழ்த் தலைப்போ ‘மாயாவி’ என்னும் சொல்லைச் சேர்த்துக்கொண்டது. மந்திரவாதிகளும் பூதங்களும் உலவிய கதைகளில் வளர்ந்த சிறாருக்கு அச்சொல் அந்நியமன்று. மின்சாரத்தால் மறையும் மனிதன் பழைய மாயக்கதை மரபின் வழியே தமிழுக்குள் வந்து சேர்ந்தான். முன்னர்ப் படித்தவை பின்னர்ப் படிப்பவற்றை ஏற்கும் மனத்தைப் பண்படுத்துகின்றன என்பதற்கு இஃது ஒரு சான்று.

இந்நாயகனின் கதைகள் 21ஆம் நூற்றாண்டிலும் தமிழில் மறுபதிப்புப் பெற்றன. முத்து காமிக்சும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்சும் 2012இல் புத்துயிர் பெற்றபோது, அவற்றை முன்பதிவு செய்து வாங்கியோருள் பலர் நடுவயதினர். இங்குச் சிறார் இலக்கியம் என்னும் பெயர், படிப்போரின் வயதை விடுத்து, அவர்தம் சுவை தோன்றிய வயதையே சுட்டி நிற்கிறது.

சான்றும் அதன் எல்லையும்

இத்தகைய சேகரிப்பாளர்களின் நினைவைக் கொண்டே வாசிப்பு வரலாற்றை முழுமையாக எழுதிவிட இயலாது. படித்து மறந்தவர்களும், இரவல் வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்தவர்களும் அதில் இடம்பெறார். அம்புலிமாமாவின் புகைப்படத் தலைப்புப் போட்டியில் வென்றோரின் பெயரும் ஊரும் அச்சிடப்பட்டன. நினைவின் துணையின்றி அக்காலச் சிறு வாசகரை அடையாளம் காட்டும் அரிய ஆவணங்கள் அவை. வாடகை நூலக முத்திரை, அட்டையில் எழுதிய பெயர், தொடர்கதைத் தாள்களைச் சேர்த்துத் தைத்த கட்டு ஆகியனவும் அத்தகையனவே.

இம்மாநாடு நடைபெறும் நியூசிலாந்தில், கல்வித்துறை 1907இல் தொடங்கிய ‘ஸ்கூல் ஜர்னல்’ பள்ளிகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. மார்கரெட் மாஹியின் தொடக்கக்காலப் படைப்புகள் அதில் வெளிவந்தன. அரசு வெளியீடாதலின், அதன் வரலாற்றை ஆராய்வோர் பொது ஆவணங்களை நாடலாம். தமிழ்ச் சிறார் இதழ்களோ பெரும்பாலும் தனியார் முயற்சிகள். படித்து முடித்தபின் பழைய தாள் கடைக்குச் சென்றவை. ஈழத்தமிழர் நிலை இன்னும் கடுமையானது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. போரினால் இடம்பெயர்ந்தோர் வீட்டு அலமாரிகளையும் விட்டு வந்தனர்.

முடிவுரை

ஆக்லாந்தின் தென்பகுதியான தகனினியில் வளரும் தமிழ்ச் சிறுமி ஒருத்திக்குப் பெற்றோரின் சுவை பிறப்புரிமையாக வந்துவிடாது. பெற்றோர் வாங்கித்தரும் மறுபதிப்பு, அவர்களுக்குத் தம் இளமையைத் திருப்பித் தருவது. அவளுக்கோ அது புதிதாய் அறிமுகமாகும் ஒரு நூல். மாதந்தோறும் காத்திருந்ததும், ஒரே படியைப் பலர் பகிர்ந்ததும், தன் வயதினரோடு அதைப்பற்றி வாதிட்டதும் அச்சுவையை வளர்த்த சூழல்கள். அவளுக்குரிய சூழலை நாம் இனித்தான் அமைக்க வேண்டும்.

நம் இளமையின் சான்றுகளைக் காத்தல் அதனின் வேறான கடமை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து எழுத்தாவணங்களைத் திரட்டும் நூலகம் நிறுவனம் ஆகியன காட்டிய வழியில், ஆராய்ச்சி நூலகங்கள் சிறார் இதழ்களை முழுத்தொகுதிகளாகத் திரட்ட வேண்டும். கிழிந்த படியாயினும், அதில் ஒரு குழந்தையின் கையெழுத்து இருப்பின், அதனைத் தள்ளாது ஏற்றல் வேண்டும்.