வறுமைக்கோட்டுக்குள் வராத வன்னி

இலங்கையில் சீவிப்பது மலிவா, தமிழகத்தில் சீவிப்பது மலிவா என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. நாணயமாற்று விகிதத்தை வைத்துக்கொண்டு மட்டும் இதற்கு விடை சொல்லிவிட முடியாது. குறைந்தபட்சச் செலவை அளந்தவர் யார், அளக்கப்படாமல் விடப்பட்டவர் யார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இந்தியாவில் 2011-12ஆம் ஆண்டுக்கு டெண்டுல்கர் குழுவின் முறைப்படி வகுக்கப்பட்ட வறுமைக்கோடு, கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 816 ரூபாய். நகரத்தில் 1,000 ரூபாய். அதே 2011இல், தமிழக முகாம்களிலுள்ள ஈழத்து அகதிகளுக்கான உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,000, ஏனைய பெரியவருக்கு 750, சிறுவருக்கு 400 ரூபாய் என உயர்த்தப்பட்டது. இரண்டு பிள்ளைகளுள்ள குடும்பத்துக்கு மொத்தம் 2,550. தலைக்கு 637 ரூபாய் 50 சதம். மானிய விலை அரிசி தனியே கிடைத்தது. ஆனாலும் பணக் கணக்கில், உயர்த்தப்பட்ட தொகைகூட அந்தக் கோட்டை எட்டவில்லை.

இலங்கையின் உத்தியோகபூர்வக் கோடு 2002இல் மாதம் 1,423 ரூபாய். நாளொன்றுக்கு 2,030 கிலோ கலோரி உணவும், உணவல்லாத அத்தியாவசியச் செலவுகளும் அதில் அடக்கம். ஆனால் அதற்கு அடிப்படையான குடும்பச் செலவு ஆய்வு வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்குச் செல்லவேயில்லை. 2009/10 ஆய்விலும் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு விடுபட்டன. 25 மாவட்டங்களும் அடங்கிய முதல் ஆய்வு 2012/13இல்தான் நடந்தது.

அப்படி விடுபட்ட காலத்தில்தான் வன்னி மக்கள் பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்தார்கள். எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் ஆகியன தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ளாகியிருந்தன. குளத்து மீனும் வயல் நெல்லும் இருந்த வீட்டிலே விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. 2002இல் ஏ9 வீதி திறக்கும்வரை, வவுனியாவில் ஒரு விலை, அதற்கு அப்பால் வேறொரு விலை. ஒரே நாணயம், ஆனால் இரண்டு நாடுகளின் வாழ்க்கைச் செலவு.

அளக்கத் தொடங்கியதும் உண்மை தெரிந்தது. 2012/13இல் நாட்டின் வறுமை வீதம் 6.7, முல்லைத்தீவில் 28.8. கோடு புதிதாகக் கணிக்கப்பட்டு 6,966 ரூபாயாக இருந்த 2019இல் நாட்டின் வீதம் 14.3, முல்லைத்தீவில் 44.5. இரு தடவையும் நாட்டிலேயே அதிக வறுமை அங்குதான்.

எனவே இரு நாடுகளை ஒப்பிடும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. அரிசி விலையையும் பேருந்துக் கட்டணத்தையும் தாராளமாக ஒப்பிடுங்கள். சராசரியிலே சேர்க்கப்படாத மக்கள் எவரென்றும் பாருங்கள். கடலின் இக்கரையிலும் அக்கரையிலும் வன்னியர் பலர் கோட்டுக்குக் கீழேயே வாழ்ந்தார்கள். இக்கரையில் அந்தக் கணக்கு நெடுங்காலம் எழுதப்படவேயில்லை.