கறை படிந்த பல்லின் வரலாறு

திருச்சானூர்ப் பத்ம சரோவரத்தின் கரையில் தமிழரும் தெலுங்கரும் ஒருங்கே கூடுகின்றனர். அவர்களிற் சிலர் சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வதுண்டு. பற்களில் சுண்ணாம்பு நிறத் திட்டுகள். சிலருக்குப் பழுப்புக் கறை. பல் துலக்காத சோம்பேறி என்று ஊரார் ஏசுவர். அந்த ஏச்சு தவறென்று நிரூபிக்கப்பட்ட வரலாறு சுவையானது.

1901-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் செய்ய வந்த பல் வைத்தியர் மெக்கே, அவ்வூர்க் குழந்தைகளின் பற்களில் இக்கறையைக் கண்டு வியந்தார். குடிநீரிலுள்ள ஃபுளோரைடே காரணம் என்பது 1931-ல்தான் துலங்கிற்று. பல் ஈறுக்குள் உருவாகும் பருவத்திலேயே, அதன் மேலுறையாகிய எனாமலை மிகையான ஃபுளோரைடு கெடுத்துவிடுகிறது. முளைத்த பல்லை எவ்வளவு துலக்கியும் பயனில்லை.

நம் நாட்டில் இந்நோயை விவரித்தவர்கள், கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட் என்பவரும் அவருடைய சகாக்களுமாவர். 1937-ல், அன்று சென்னை இராஜதானியில் அடங்கியிருந்த நெல்லூர் ஜில்லாவில், பற்கறையோடு முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகிப்போனவர்களை அவர்கள் கண்டனர்.

கெட்ட பல்லை அழகுபடுத்தும் முயற்சியும் கூடவே வளர்ந்தது. 1916-லேயே வால்டர் கேன் என்பார் ஹைட்ரோகுளோரிக் திராவகத்தால் கறையைப் போக்கினார். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹாலிவுட் நடிகர்களுக்குச் சார்லஸ் பிங்கஸ் மெல்லிய போலிப் பல்முகங்களை ஒட்டினார். படப்பிடிப்பு முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். நிலையாக ஒட்டும் வழியை 1955-ல் புவனகோர் கண்டார். பாஸ்பாரிக் திராவகத்தைத் தடவினால் எனாமல் சொரசொரப்பாகிறது; அந்நுண்குழிகளில் பிசின் பற்றிக்கொள்கிறது. 1962-ல் போவென், பல்லின் நிறத்தையொத்த உறுதியான பிசின் கலவையை அளித்தார். இன்று மேலோட்டமான கறையைத் திராவகமும் பொடியும் கொண்டு மெல்லத் தேய்த்தெடுக்கிறார்கள். ஆழ்ந்த பழுதுக்குப் பிசின் கலவையோ பீங்கான் முகமோ பொருத்துகிறார்கள்.

எனினும் ஊர்க் கிணறு மாறாவிடில், அடுத்த குழந்தைக்கும் அதே கறைதான். ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து நீரைத் தெளியவைக்கும் முறை நம் நாட்டிலேயே வகுக்கப்பட்டு, ஆந்திர நாட்டு நல்கொண்டாவின் பெயரைப் பெற்றது; நல்கொண்டா இன்று தெலங்கானாவில் உள்ளது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013-ல் ஒகேனக்கல் காவிரி நீர் வந்ததும் இக்கேட்டைத் தவிர்க்கவே.

ஆகவே, கறைபட்ட பல்லோடு ஒரு பிள்ளை எதிர்ப்படின், அவன் பல் துலக்கினானா என்று கேட்கவேண்டாம். அவன் எந்தக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தான் என்று கேளுங்கள்.