பெற்ற தந்தையும் தேடிய தந்தையும்

உயிர் தந்தவர் ஒருவராகவும் வழி காட்டியவர் மற்றொருவராகவும் அமைவது உலக வாழ்வில் உண்டு. குருவைத் தந்தையாகப் போற்றும் மரபு நம் நாட்டில் தொன்மையானது. கத்தோலிக்கராகிய நாமும் குருவானவரைத் 'தந்தை' என்றே அழைக்கின்றோம். இவ்வழைப்பின் பொருளை ஆழ்ந்து எண்ண, 2024 ஏப்ரல் 22 அன்று மறைந்த உளப்பகுப்பாய்வாளரும் நாவலாசிரியருமான சுதிர் கக்கரின் வாழ்வு நமக்குத் துணை செய்கிறது.

1938இல் நைனிடாலில் பிறந்தவர் கக்கர். தந்தையார் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் அரசு நடுவராகப் பணிபுரிந்தவர். மகன் குஜராத்தில் இயந்திரப் பொறியியலும், ஜெர்மனியில் வணிகப் பொருளாதாரமும் பயின்றார். இத்தனை கற்றும், தமக்குரிய பணி எது என்னும் வினா அவரை விடவில்லை. அந்நிலையில்தான், 1960களில், அகமதாபாத்தில் எரிக் எரிக்சனைச் சந்தித்தார்.

எரிக்சன் உலகப் புகழ் பெற்ற உளவியல் அறிஞர். 1918ஆம் ஆண்டு அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் காந்தியடிகள் ஆற்றிய பங்கை ஆராய வந்திருந்தார். வியப்பு என்னவெனில், அவரும் தம்மைப் பெற்ற தந்தை யாரென அறியாதவர். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற 1939ஆம் ஆண்டில், 'எரிக்கின் மகன்' எனப் பொருள்படும் பெயரைத் தாமே சூடிக்கொண்டார். தந்தையைத் தேடிய அவரிடம் கக்கர் தம் குருவைக் கண்டார். ஹார்வர்டில் அவருக்கு உதவியாளராக இருந்து, பின்பு பிராங்க்பர்ட்டில் உளப்பகுப்பாய்வுப் பயிற்சி பெற்று, 1975இல் தில்லிக்குத் திரும்பினார். இந்தியரின் குழந்தைப் பருவத்தை ஆராயும் நூலை 1978இல் வெளியிட்டார்.

அறுபதாம் வயதில்தான், அதாவது 1998இல்தான், அவருடைய முதல் நாவல் வந்தது. 2001இல் வந்த நாவல் இராமகிருஷ்ணர், விவேகானந்தர் உறவைத் தழுவியது. 2004இல் வந்தது மீராபென்னைப் பற்றியது. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஒருவரின் மகளாகிய அவ்வம்மையார், 1925இல் சபர்மதிக்கு வந்து காந்தியடிகளைத் தம் 'பாபு'வாக, தந்தையாக, ஏற்றவர். ஆசிரியர் கடந்து வந்த வழியையே அவர்தம் கதைமாந்தரும் கடந்ததை நாம் காண்கின்றோம்.

இவ்வழிக்கு மறுபுறமும் உண்டு. எங்கிருந்தோ வந்த மீராவுக்குத் தந்தையான காந்தியடிகளிடமிருந்து அவர்தம் மூத்த மகன் ஹரிலால் விலகியே நின்றார். அடிகள் தம் துணைவியாரையும் மக்களையும் நடத்திய விதத்தை, 1969இல் வெளிவந்த தம் நூலில் எரிக்சன் ஒரு கடிதமாகவே எழுதிக் கண்டித்தார். ஆனால் அவர் வீட்டிலும் துயரம் இருந்தது. 1944இல் மனவளர்ச்சிக் குறைபாட்டுடன் பிறந்த அவருடைய மகன் காப்பகத்திற்கு அனுப்பப்பட்டான். குழந்தை இறந்துவிட்டதாகவே மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. உளச்சிகிச்சையாளராக விளங்கிய அவர் மகள் சூ, புகழின் நிழலில் வளர்ந்த துன்பத்தை 2005இல் ஒரு நூலாகவே எழுதினார்.

இதைச் சொல்வது பெரியோரைக் குறைகூற அன்று. உலகுக்குத் தந்தையாவது எளிது. ஒரு பிள்ளைக்குத் தந்தையாவது அரிது என்பதைச் சிந்திக்கவே சொல்கின்றோம். நம் கீழ்க்கட்டளை போன்ற புறநகர்ப் பங்குகளில் விடியுமுன் வேலைக்குப் புறப்பட்டு, பிள்ளைகள் உறங்கியபின் வீடு திரும்பும் தந்தையர் பலர். அவர்களுக்குப் புகழ் இல்லை. ஆயினும் புகழ் செய்யும் பிரிவினையை உழைப்பும் செய்துவிடக் கூடும்.

புனித சூசையப்பரை எண்ணிப் பார்ப்போம். அவர் பேசியதாக நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. இயேசுவை அவர் பெறவும் இல்லை. ஆனால் அவருக்குப் பெயரிட்டார். காணாமற்போன மைந்தனைத் துயரத்தோடு தேடி எருசலேமுக்குத் திரும்பி நடந்தார். பிள்ளையைத் தேடிச் செல்பவரே தந்தை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

குருக்களாகிய எங்களுக்கும் இது பொருந்தும். மறையுரை கேட்டுப் பாராட்டுவோர் நடுவில் தந்தையாக விளங்குவது எளிது. பூசைக்கு வருவதை நிறுத்திவிட்ட ஓர் இளைஞனைத் தேடி அவன் வீட்டுப் படியேறும்போதே அப்பெயர் எங்களுக்கு உரியதாகும்.